தம்பிமுத்து தாயை விட்ட நாள்

மங்கலம் பொங்கும் இந்த மணவிழாவுக்குத் தலைமை தாங்கி, என் பேச்சு நீண்டுவிடுமோ என்ற கலக்கத்தோடு வீற்றிருக்கும் போதகர் ஐயா அவர்களே! சபையைத் தாங்கும் மூப்பர்களே! சாய்ந்தமருதிலிருந்தும் பாண்டிருப்பிலிருந்தும் அழைப்பை மதித்து வந்திருக்கும் இஸ்லாமிய, இந்து அன்பர்களே! பிள்ளைக்கு மணமான பின்பும் சோறூட்டுவதை நிறுத்தாத தாய்மாரே! அன்பு மணமக்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

திருமணத்தைப் பற்றி வேதம் என்ன போதிக்கிறது? இந்தக் கல்முனையில் எந்தக் கிறிஸ்தவ ஆண்மகனைக் கேட்டாலும் உடனே சொல்வான்: மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும்! ஆகா, என்ன ஞாபகசக்தி! ஆராதனை முழுவதும் உறங்கியவனுக்கு அது மட்டும் எப்படிக் கேட்டது? கணவன் மனைவிக்காகத் தன்னையே கொடுக்க வேண்டும் என்று அடுத்து வருகிறதே, அது ஏன் கேட்கவில்லை? மனிதன் தாய் தகப்பனை விட்டு மனைவியோடு இணைய வேண்டும் என்று ஆதியிலேயே சொல்லப்பட்டதே, அது எங்கே போயிற்று?

"விட்டிட்டுத்தானே வந்திரிக்கம்!" என்கிறார் பின்வரிசையில் ஒரு மாப்பிள்ளை. ஓம் ஐயா, வந்தீர்கள்! நம் கரையோரத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டில் குடியேறுகிறார். பெட்டி வந்தது, படுக்கை வந்தது, நீங்களும் வந்தீர்கள். உங்கள் வயிறு வந்ததா?

நண்பர் தம்பிமுத்து, அதோ, முன்வரிசையில் குனிந்து சிரிக்கிறார். அவர் கதையைச் சொல்ல அனுமதி கேட்டேன்; தயங்கினார். அவர் மனைவி செல்லத்தங்கத்திடம் கேட்டேன். "ஒன்டும் விடாமச் சொல்லுங்க" என்றார். சொல்கிறேன்.

மணமான புதிதில், பொழுது சாய்ந்தால் தம்பிமுத்து இரண்டு தெரு தாண்டித் தாய்வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார். ஆக்கிய கறியை மூடிவைத்துவிட்டு தாய் தகப்பன் இல்லாத செல்லத்தங்கம் இங்கே தனியே காத்திருப்பார். ஏன் இப்படி என்று அவர் கேட்டால், "புருசன்ட சொல்லுக்கு அடங்கி இரி. வேதத்தில இரிக்கி" என்பார் தம்பிமுத்து. பேச்சு அதோடு முடிந்துவிடும்.

எழுபத்தெட்டில் சூறாவளி வந்தது. அப்போது செல்லத்தங்கம் கர்ப்பிணி. காற்று இரைந்தது, வேலி பறந்தது, கூரை ஓடுகள் கழன்று சிதறின. நம் குடும்பத் தலைவர் என்ன செய்தார்? "அம்மா பயந்து போயிரிப்பா, பாத்திட்டு வாறன்!" என்று ஓடினார்.

தாய் கதவைத் திறந்தார். மகன் தனியே நின்றான்.

"செல்லத்தங்கம் எங்க மனே?"

"வீட்ட."

"வயித்துப் புள்ளையோட அவளத் தனிய விட்டுப்போட்டா வந்தாய்?"

"உங்களப் பாக்கத்தானே அம்மா…"

"என்னப் பாக்க உன்ட அப்பா இரிக்கார். அவளுக்கு ஆர் இரிக்கா? போடா!"

கதவு மூடிக்கொண்டது, ஐயா! எத்தனை பிரசங்கம் கேட்டும் திருந்தாதவனை ஒரு தாய் ஒரே சொல்லில் திருத்திவிட்டார்.

தம்பிமுத்து திரும்பினார். விழுந்த தென்னைகளுக்கு மேலால் ஏறி, மதிலைப் பிடித்து, முழங்காலில் தவழ்ந்து வந்து பார்த்தால், வீட்டுக்குக் கூரை இல்லை. மனைவியும் இல்லை. "செல்லத்தங்கம்!" என்று கத்தினார். காற்று அந்தப் பெயரை வாயிலிருந்தே பறித்துக்கொண்டு போயிற்று. அன்றுதான், தன் உயிர் எந்த வீட்டில் இருக்கிறது என்று அந்த மனிதனுக்குத் தெரிந்தது.

பக்கத்துக் கல்வீட்டு மைமூனா ஜன்னலால் கூப்பிட்டார்: "இஞ்ச இரிக்கா! உள்ளுக்கு வாங்க!"

உள்ளே மைமூனாவின் கணவர் காலிதீன், பிய்த்துக்கொண்டு போகப் பார்த்த கதவைத் தோளால் அணைத்து நின்றார். மூலையில் செல்லத்தங்கம். தம்பிமுத்து அழுதபடி, "என்ன மன்னிச்சிரு" என்றார்.

செல்லத்தங்கம் சொன்னார்: "அழுறத்தப் பிறகு பாக்கலாம். அந்த மனிசன் களைச்சுப் போனார். நீங்க போய்க் கதவப் புடிங்க."

பிடித்தார். காற்று ஓயும்வரை பிடித்தார்! தோள் தோல் உரிந்தும் விடவில்லை.

மணமகனே! மோதிரம் மாற்றியதால் மட்டும் நீ கணவனாகிவிடுவாயா? புகைப்படத்துக்கு நின்றதால் ஆவாயா? உன் மனைவிக்கும் புயலுக்கும் நடுவில் நிற்கும்போதல்லவா ஆவாய்! கிறிஸ்து தம் சபைக்காக நின்றது அப்படித்தானே? அந்த இடத்தில் நிற்பவனுக்குக் கீழ்ப்படிதலைக் கேட்டு வாங்க வேண்டியிருக்காது. இருவரும் ஒருவருக்கொருவர் அதைக் கொடுத்துக்கொள்வார்கள்.

இவ்வளவு நேரம் கோபிக்காமல் கேட்ட கணவன்மாருக்கு நன்றி. கோபித்திருந்தால் இன்னும் நன்றி, உங்களுக்கு விளங்கிவிட்டது! மணமக்களைக் கர்த்தர் காப்பாராக. வணக்கம்!