ஒம்பதடிச் சிப்பி

அட உக்காருங்க தம்பி, கையெழுத்து எங்க ஓடிப்போகுது. இன்னைக்கு கம்பெனி லீவுதான். அந்த மூட்டையத் தள்ளிட்டு நல்லா உக்காருங்க, பிசிறு வெட்டக் கொண்டாந்த பனியன் அது. ஊருலருந்து இந்த நெருப்பெரிச்சல் வரைக்கும் வந்து சின்னத்தாய் வீடு எதுன்னு லைன்வீடு பூரா கேட்டுருக்கீங்க, போன வாரமே அக்கம்பக்கத்துல சொன்னாக. அடி மேல அடி வச்சா அம்மியும் நகரும்னு மூணாவது தடவையா வந்திருக்கீங்க. இந்த அம்மி நகராது.

தோண்டவே வேணாம்னா சொன்னேன்? ஊருல நம்ம புஞ்சை ரெண்டு ஏக்கரு கெடக்கு. தெக்கால தோண்டுங்க, பனையோரம் தோண்டுங்க. அந்த வடமேக்கு மூலையில மட்டும் வேணாங்கிறேன். அதுக்குத்தான் இந்தப் பேப்பர்ல கை வைக்கல.

படத்த எத்தன தடவ காட்டுவீங்க? புரியுது. ஆறாயிரம் வருசத்துக்கு முந்தி கடலு இந்தக் கோடு வரைக்கும் ஏறி நின்னுச்சு, பெறகு கொஞ்சங் கொஞ்சமா பின்வாங்குச்சு, அது போட்டுட்டுப் போன மணல்லதான் எங்க ஊரே இருக்கு. சரிதானே? நாங்க ஆடு மேய்க்கையிலயே சிப்பி பொறுக்குனவுக. கடலு ரெண்டு மைலு தள்ளிக் கெடக்கே, சிப்பி எப்பிடி இங்கன்னு ஒருத்தரும் கேக்கல. படிச்சாத்தான் கேக்கத் தோணும்போல.

ஆமா, கோடு எல்லா எடத்துலயும் ஒழுங்கா வந்து நம்ம புஞ்சைகிட்ட மட்டும் முக்கா மைலு மேக்க துருத்திக்கிட்டுப் போகுது. பாத்தேன். என்னையக் கேக்காம குழாயச் சொருகி, நாலடியிலருந்து ஒம்பதடி வரைக்கும் சிப்பி எடுத்துட்டீங்க. அதான் இப்ப பதினஞ்சடிக்குக் குழி வெட்டணும்ங்கிறீங்க. கோவமில்ல. கோவந்தான், ஆனா டீயப் போட்டுட்டேன், குடிங்க.

அந்த எடத்துல ஓடை கடல்ல சேந்துச்சுன்னு உங்க காலேஜு சாரு சொல்றாரா? ரெண்டு வருசமா அத வச்சா எழுதிக்கிட்டிருக்கீங்க? அடுத்த மாசம் அச்சுக்குப் போகுதா?

வயசென்ன உங்களுக்கு? இருவத்தாறா. கல்யாணம்? இத முடிச்சாத்தானா. ம்.

லேப்புல பாத்து ஆறாயிரம் வருசத்துச் சிப்பின்னு சொன்னாகளா. சொல்லுவாக, அது பழைய சிப்பிதான். ஓடக்கரையில தோண்டி சுண்ணாம்புக் காளவாசலுக்கு ஏத்துவாக பாருங்க, அந்தச் சிப்பி. மூணு டிராக்டரு. தொண்ணூத்தஞ்சு சித்திரையில நாந்தான் வாங்கிப் போட்டேன். ஆள வாங்குன கெணத்த அதே மண்ணால மூடக் கூடாதுன்னு எங்க பக்கம் ஒரு வழக்கம். வேற மண்ணுக்கு எங்க போறது, சுத்தி அதே மணலு. மேல மூடிக் கெடக்குறது பெறகு காத்தடிச்சுச் சேந்தது.

கெணறுதான். நானும் எங்க வீட்டுக்காரரும் வெட்டுனது. அவுக கீழ, நான் மேல கயித்தப் பிடிச்சுக்கிட்டு. பதிமூணடியில தண்ணி ஊறுச்சு, அவுக சிரிச்சாக, மணலு சரிஞ்சிருச்சு. ஊரே கூடி ரெண்டு நாளு தோண்டுச்சு. தோண்டத் தோண்டச் சரியுது. இன்னொரு உசுரு போயிரும், போதும் நிறுத்துங்கன்னு நாந்தான் சொன்னேன். பதினோரு வருசமாச்சு தம்பி.

பேனாவக் குடுங்க. தெக்கால தோண்டுறோம்னு மாத்தி எழுதுங்க, போடுறேன். படத்துலயும் அந்தத் துருத்தல அழிச்சிருங்க, அச்சுல வந்து நாலு பேரு சிரிக்க வேணாம். கடலு நம்ம புஞ்சைக்கு வந்ததே இல்ல. ஒம்பதடியோட குழாய நிறுத்துனீங்களே, நல்ல காரியம் பண்ணுனீங்க. அதுக்குக் கீழ நாலடியில அவுக இருக்காக.