தமிழுக்குத் தமிழ்

இல்லீங்க சிஸ்டர், நான் பேச்ச மாத்தல. நீங்க கேட்டதுக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கேன். அன்னிக்கு ஆபீஸ்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லணும்னா, மொதல்ல என் வேல என்னன்னு உங்களுக்கு வெளங்கணும்ல. போன வாரமும் இதையேதான் சொன்னேனா? அதுக்கு முந்துன வாரமுமா? சரி, இன்னிக்குச் சுருக்கமாச் சொல்லிர்றேன். வாத்தியாரா ஆகியிருக்க வேண்டியவன், சுருக்கம்னா எனக்குக் கொஞ்சம் சிரமம்.

தமிழ்ல சொல்றதத் தமிழ்ல சொல்றது. அதான் வேல. பாத்தீங்களா, சிரிக்கிறீங்க. சிலோன்லருந்து கப்பல்ல வந்து எறங்குற எங்க சனம், மண்டபம் கேம்பத் தாண்டி நேரா இந்தத் தேயில மலைக்கு வருது. எங்க மறுவாழ்வு ஆபீஸ்ல ஆபீஸர் மாரிச்சாமி சாரு அவினாசிக்காரரு. ஏனுங்க, சொல்லுங்கன்னு தங்கமான மனுசன். ஆனா எங்காளுக பேசுறது அவருக்கு வெளங்காது, அவரு பேசுறது இவங்களுக்கு வெளங்காது. ரெண்டும் தமிழு.

ஒரு அம்மா வந்து, எம் பொட்டி கோச்சியில போயிருச்சுய்யான்னு அழுதுச்சு. சாரு அதக் கொச்சின்னு எழுதி, கொச்சித் துறைமுகத்துக்கே கடுதாசி போட்டுட்டாரு. அப்படி ஒரு பொட்டி இங்க வரலைன்னு அங்கருந்து மரியாதையாப் பதிலும் வந்துச்சு. அரிசி வாங்க வரிசையில நின்ன எனக்குப் பொறுக்கல. சார், எங்க பக்கம் கோச்சின்னா ரயிலு, இங்கிலீசு கோச்சுல இருந்து வந்த சொல்லுன்னேன். மறுநாள்லருந்து அவரு பக்கத்துல எனக்கு ஒரு ஸ்டூலு.

பெருமையாத்தான் இருந்துச்சு. காம்பரான்னா ரூமு. அரைப்பேருன்னா, கொழுந்து கொறஞ்ச அன்னிக்குப் போடுற பாதிச் சம்பளம். மனுசனுக்குப் பாதிப் பேருதான் அன்னிக்கு. நல்லா இருக்குல்ல அந்தச் சொல்லு? சாரு கேட்டு ரசிச்சாரு.

ஆனா சொல்லு தனியா வராதே சிஸ்டர். ஆளும் கூட வரும். புருசன இங்க அனுப்பி, பொண்டாட்டிய அங்க நிறுத்தியிருப்பாங்க. மக வந்திருப்பா, மருமகன் வந்திருக்க மாட்டான். எல்லாம் அழுகையோடதான் வரும். நான் அழுகைய வடிகட்டிட்டு அர்த்தத்த மட்டும் சாருக்குக் குடுக்கணும். அந்தச் சக்கையெல்லாம் எங்க தங்குதுன்னு நான் யோசிக்கல. வருசக்கணக்கா யோசிக்கல.

மொதல்ல கண்டுபுடிச்சது எஞ் சம்சாரம் அங்கம்மாதான். கொழம்புல உப்பே போடாம வச்சுப் பாத்திருக்கா, பல நாளு. நான் பாட்டுக்குத் தின்னுட்டு எந்திரிச்சிருக்கேன். ஊட்டுல எது கேட்டாலும், பையன் என்ன சொல்றான்னா, உங்கம்மா என்ன சொல்றாங்கன்னான்னுதான் ஆரம்பிப்பேனாம். உங்களுக்குன்னு சொல்ல ஒண்ணுமே இல்லையான்னு கேட்டா. இல்லைன்னேன். அதக் கேட்டுத்தான் என்னய பஸ்ஸேத்தி இந்த ஆஸ்பத்திரிக்கு, உங்ககிட்டக் கூட்டியாந்தா.

நீங்க அதுக்கு பர்ன் அவுட்டுன்னு பேரு சொன்னீங்க. எரிஞ்சா வெளிச்சமாச்சும் வருமே, இது பாக்டரி ட்ரையர்ல தேயிலத் தூளு தீயிற மாதிரி, பாக்க நல்லாத்தான் இருக்கும், ஊத்திக் குடிச்சாத்தான் தெரியும்னு நான் பெரிய வியாக்கியானம் பண்ணுனேன். நீங்க அத எழுதிக்கக்கூட இல்ல. எனக்குக் கொஞ்சம் வருத்தந்தான்.

இப்பத் தேவல. காலையில அரவேணு ரோட்டுல நடக்குறேன். நீங்க சொன்னபடி சாயங்காலம் அங்கம்மாகிட்ட என் சமாச்சாரம் ஒண்ணாச்சும் சொல்றேன். நேத்து கால் வலிக்குதுன்னு சொன்னேன். அவளுக்கு அவ்வளவு சந்தோசம். கொழம்புல உப்பு கொறஞ்சா கேக்குறேன். திங்கக்கெழம லீவு முடியுது, சாரும் எப்ப வருவீங்கன்னு ஆளு விட்டிருக்காரு. நீங்க சரின்னு சொன்னாப் போயிருவேன்.

தெரியும். அன்னிக்கு ஆபீஸ்ல நடந்தத மட்டும் சொல்லாம நீங்க விட மாட்டீங்க.

ஒண்ணுமில்ல சிஸ்டர், ஒரு பொம்பள வந்துச்சு. கையில துணிமூட்ட. கேம்ப்லருந்து நேரா வந்திருக்கும்போல. நான் மொகத்தப் பாக்கல. மொகம் பாக்குறத விட்டு ரொம்ப நாளாச்சு, காது மட்டும் போதும் எனக்கு. அண்ணேன்னுச்சு. வர்றவங்க எல்லாருமே அண்ணேன்னுதான் கூப்புடுவாங்க. நானும் ஆத்தாவும் சேந்து பொறப்பட இருந்தோம்ணே, அதுக்குள்ள ஆத்தா மோசம் போயிட்டாங்கண்ணே, அப்படின்னுச்சு.

சாரு பாவம் பதறிட்டாரு. ஏனுங்க, யாரு மோசம் பண்ணுனது, போலீசுல சொன்னீங்களான்னு கேட்டாரு. எனக்கு உற்சாகம் வந்துருச்சு. அருமையான எடம் இல்லீங்களா. சார், இங்க மோசம் போறதுன்னா ஏமாந்து போறது, அங்க மோசம் போறதுன்னா செத்துப் போறது. ஒரே சொல்லு, கடலத் தாண்டுனா அர்த்தம் எப்படி மாறுது பாருங்கன்னேன். அடடே, அப்படிங்களான்னாரு. நான் சிரிச்சேன். பெறகு எப்பவும்போலப் பேரு கேட்டேன். வீரம்மான்னுச்சு. தகப்பன் பேரு? காத்தமுத்து. சாருகிட்டச் சொல்லிட்டு, அடுத்த ஆளு வாங்கன்னேன்.

அந்தப் பொம்பள நகரல. சாருதான் பேனாவக் கீழ வச்சுட்டு, ஏனுங்க பழனியாண்டி, உங்கப்பா பேரும் காத்தமுத்துதானுங்களேன்னாரு.

எந் தங்கச்சி, சிஸ்டர். கூடப் பொறந்தவ. பாஸ்போர்ட்டு எனக்கு முந்தி வந்துருச்சு, அவளும் ஆத்தாவும் பின்னால வர்றதா இருந்துச்சு. நான் கப்பலேறயில பாவாட கட்டிக்கிட்டு நின்னவ. எங்க ஆத்தா செத்ததுக்குத்தான் நான் அர்த்தம் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.

இல்லீங்க, தண்ணி வேணாம்.

அவ எங்க ஊட்டுலதான் இருக்கா. அங்கம்மாகூட நல்லாப் பேசுறா, சிரிக்கிறா. எங்கிட்ட மட்டும் ஆத்தா பேச்ச எடுக்க மாட்டேங்குறா. எடுத்தா நான் திரும்பவும் வெளக்கம் சொல்லிருவேனோன்னு பயம்போல.

திங்கக்கெழம வேணாம் சிஸ்டர். லீவ இன்னும் கொஞ்சம் நீட்டி எழுதிக் குடுங்க. ஆத்தா எப்படிப் போச்சுன்னு நான் இன்னும் அவகிட்டக் கேக்கவே இல்ல.