பொய்க் குவாரி

டீயில் சர்க்கரை கொஞ்சம் குறைத்திருக்கலாம், ஐயா. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. கேளுங்கள், சொல்கிறேன்.

பென்னாகரம் சாலையில் எங்கள் கிரானைட் கம்பெனிக்கு ஒரு பழைய புளிக் கிடங்கு இருந்தது. எண்பத்தைந்தில் அதற்குள் பொய்க் குவாரி ஒன்றைக் கட்டியவன் நான்தான். மூங்கில் சட்டத்தில் சாக்கைப் போர்த்தி, சாணியும் கரியும் குழைத்துப் பூசிய கரும்பாறை. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் ஐந்தைந்து பேராக வருவார்கள். பாறையில் சில குழிகள் வெறுங்குழி. சிலவற்றில் வெடிக்காத மருந்து தங்கியிருப்பதாகப் பாவனை. உள்ளே இருப்பது களிமண். எது ஆபத்து என்று ஐவரும் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். வெறுங்குழி என்று சொன்னதில் ஒருவர் கடப்பாரையை இறக்க, மற்றவர்கள் தூரத்தில் கயிற்றுக்கு அப்பால் நிற்க வேண்டும்.

அவர்களுக்கு அது விளையாட்டு. களிமண்ணைக் குத்திவிட்டு, "செத்துட்டனுங்க சார்" என்று வெற்றிலைப் பல்லைக் காட்டுவார்கள். அந்த எச்சிலும் வியர்வையும் எனக்குக் குமட்டும்.

பாஞ்சாலி மட்டும் சிரிக்கமாட்டாள். மொரப்பூர்ப் பக்கம் ஊர். அவள் குழு ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஏன் என்பது ஒருநாள் என் காதில் விழுந்தது.

"குழிய எதுக்குப் பாக்கறீங்க? சாரு காலப் பாருங்க. மருந்து இருக்கற குழின்னா அவரே ஒதுங்கித்தான் நிக்கறாரு."

உண்மைதான். களிமண் என்று தெரிந்தும், பழைய குவாரிக்காரன் கால் விலகிவிடுகிறது. எச்சில் கையால் யாரோ என்னைத் தடவியதுபோல் அருவருப்பாக இருந்தது. நாளைக்கு நிஜக் குவாரியில் அவள் யார் காலைப் பார்ப்பாள்? நியாயமான கேள்விதானே.

மறுநாள் ஒரு குழியில் நிஜ மருந்தை வைத்தேன். ஸ்டோர் சாவி என்னிடம்தான் இருந்தது. திரியின் நுனியை வெளியே விட்டிருந்தேன். குனிந்து பார்த்தால் யாருக்கும் தெரியும். ஏமாற்றுவது என் வழக்கமில்லை. பிறகு அந்தக் குழியை ஒட்டி நின்று டீ குடித்தேன்.

முனிராஜ் என்ற பையன் தயங்கினான். "அக்கா, ஒருக்கா குனிஞ்சு பாத்துரலாம்."

பாஞ்சாலி என் காலைப் பார்த்தாள். "வேணாம்டா. வெறுங்குழிதானுங்க சார்."

"எல்லோருக்கும் சம்மதமா?" என்று கேட்டேன். தலையாட்டிவிட்டு நால்வரும் கயிற்றுக்கு அப்பால் போனார்கள். அவள் கடப்பாரையை எடுத்தாள். டம்ளரை வைத்துவிட்டு வருகிறேன் என்று நான் கிடங்கின் கற்சுவருக்குப் பின்னால் போனேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். பாடம் நடக்கும்போது விடையைச் சொல்வார்களா? வெடித்ததில் பாறைப் பூச்சு தெறித்த சட்டையைத்தான் திரும்பத் திரும்ப அலச வேண்டியிருந்தது. சாணி நாற்றம் லேசில் போவதில்லை.

இன்று காலை அந்த நால்வரும் சாட்சி சொல்ல இங்கே வந்தார்களே, கவனித்தீர்களா? ஒருவர்கூட என் காலைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைத்தார்கள். நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டார்கள், ஐயா.