நாற்பத்தைந்து டிகிரி

காலை ரயில் மீஞ்சூரைத் தாண்டியது. எதிரே பவர் பிளான்ட் யூனிஃபார்மில் இரண்டு பேர். ஹால் டிக்கெட் வைத்திருந்தவன் கால் ஆட்டியதில் என் சீட்டும் ஆடியது.

“கால ஆட்டிக்கினு இருக்காத, சொல்லு. காம்ப்ளெக்ஸ் நம்பர்ல, ஒண்ணு பிளஸ் ஐ-க்கு லாக் இன்னா?”

“மாடுலஸ் ரூட் ரெண்டு, அத்தோட லாக். கூட ஐ இன்ட்டு ஆர்க்யுமென்ட், அதான் கோணம். நாப்பத்தஞ்சு டிகிரி.”

“நாப்பத்தஞ்சா? பை ஓவர் ஃபோர்டா! லாக்ல ரேடியன்தான் போடணும்.”

“நம்ம பிளான்ட் மீட்டர்கூட கோணத்த டிகிரிலதானடா காட்டுது?”

“அது மீட்டரு. இது பரீட்சை. கால்குலேட்டரக் குடு, ரேடியனுக்கு மாத்தறேன்... டேய், ஃபெயிலான மூணு தடவையும் இப்டியேவா எழுதி வச்ச?”

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.