ரெண்டாவது தடவை

இல்ல சார், அது டைப் அடிச்ச பொண்ணு பண்ண தப்பு இல்ல. எல்லா வரியும் ரெண்டு ரெண்டு தடவை வரணும். வேணும்னேதான் அப்பிடி எழுதினேன். வேணும்னேன்னு கூடச் சொல்ல முடியாது, எனக்கு அப்பிடித்தான் எழுத வருது. நான் பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு சொல்றவ. மாடியில ஒரு சின்ன ரூம், கண்ணாடி ஜன்னல், ஒரு மைக்கு. கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்து அதுதான் என் வேலை. அங்க எதையும் ஒரு தடவை சொன்னா சொல்லாத மாதிரி சார். முதல் தடவை சொல்லும்போது ஜனங்க யாரோ பேசுறாங்கன்னு நிமிந்து பாப்பாங்க, அவ்வளவுதான். ரெண்டாவது தடவைதான் எந்த பஸ்ஸு, எங்க நிக்குதுன்னு மண்டையில ஏறும். வீட்லயும் அதே பழக்கம் ஒட்டிக்கிச்சு. சாப்பிட வாங்க, சாப்பிட வாங்கன்னுதான் கூப்பிடுவேன். முதல் தடவைக்கே வந்துட்டா பாதிச் சாப்பாடுதான் போடுவியான்னு எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவாரு.

சிரிச்சுட்டீங்கல்ல? அப்ப என்னையும் உங்க எழுத்தாளர் சங்கத்துல சேத்துக்கோங்க சார்.

புரியுது. புதுசா சேர்றவங்க மூணு கூட்டம் சும்மா உக்காந்து கேக்கணும், அப்புறம்தான் படிக்க விடுவீங்க. நல்ல சட்டம்தான். வந்ததும் வராததுமா ஆளாளுக்கு மைக்கைப் பிடிச்சுக்கிட்டா சங்கம் உருப்பட்ட மாதிரிதான். ஆனா எனக்கு இன்னிக்கே படிக்கணும். இன்னிக்கே படிக்கணும். பாருங்க, மறுபடியும் ரெண்டு தடவை.

இருங்க, அந்த நாற்காலியை நான் எடுத்துப் போடுறேன். செயலாளர்னா நாற்காலி தூக்குற வேலையும் உங்க தலையிலதானா? பேசிக்கிட்டே போட்டுடலாம். வட்டமாவா, வரிசையாவா? வரிசையா, நல்லதாப் போச்சு. வட்டமாப் போட்டா உள்ள வரும்போதே எல்லார் மூஞ்சியும் தெரிஞ்சிடும். ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன்.

தொண்டையா? கொஞ்ச நாளாவே இப்பிடித்தான் கரகரன்னு இருக்கு, அதான் லீவுல இருக்கேன். அந்தத் தண்ணியைக் கொஞ்சம் குடுங்க. டம்ளர் இருந்தா நல்லாருக்கும் சார், அண்ணாந்து குடிச்சா இப்பல்லாம் புரையேறுது.

ஒண்ணு கேக்கணும். கதவுல ஒட்டியிருக்கீங்களே, ஒருத்தர் படிக்க ஆரம்பிச்சா முடிக்கிற வரைக்கும் யாரும் பேசக்கூடாது, எழுந்து போகக்கூடாதுன்னு. அது சும்மா பேருக்கு ஒட்டினதா, இல்ல நிஜமாவே அப்பிடித்தானா? கதவைச் சாத்திடுவீங்களா? ஒருத்தருக்குக் கோவம் வந்து எழுந்துட்டாருன்னு வைங்க? அப்பிடியா! சங்கத்தை விட்டே எடுத்துட்டீங்களா அந்த ஆளை? ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க சார். கையெடுத்துக் கும்பிடணும் உங்களை. நீங்க சிரிக்கிறீங்க, நான் நிஜமாத்தான் சொல்றேன். எந்த வீட்ல சார் இருக்கு இப்பிடி ஒரு சட்டம்? ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் உக்காந்து கேக்கணும்னு?

அந்த ஜன்னலோரக் கடைசி நாற்காலி, அது எப்பவும் ஒருத்தருக்குத்தான், இல்ல? கண்ணாடி போட்டிருப்பாரு, யார்கிட்டயும் அதிகம் பேச மாட்டாரு. டீயை நல்லா ஆறவிட்டுத்தான் குடிப்பாரு. உக்காந்தா காலாட்டிக்கிட்டே இருப்பாரு. எனக்கு எப்பிடித் தெரியுமா? நான் பெத்த பிள்ளை சார் அது.

பயப்படாதீங்க, சண்டை போட வரல. தெம்பும் இல்ல. அவன் எந்தக் கூட்டத்தையும் தவற விடமாட்டான்னு மருமகதான் ரகசியமா போன்ல சொன்னா. நான் முன்கூட்டியே வந்து உங்க மூணு கூட்டத்துல உக்காந்திருந்தா, என் தலையைப் பாத்த நிமிஷமே அவன் திரும்பிப் போயிடுவான். அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டான். உங்களுக்கும் ஒரு நல்ல எழுத்தாளர் போயிடுவாரு, எனக்கு இருக்குற ஒரே வழியும் போயிடும்.

என்ன ஆச்சுன்னா, அவங்க அப்பாவுக்குத் திடீர்னு முடியாமப் போச்சு. நான் ஆஸ்பத்திரியில அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். இவன் வெளியூர்ல வேலையில இருந்தான். என் தம்பிகிட்ட, டேய் உடனே அவனுக்குச் சொல்லுடான்னேன். சொல்லிட்டேன்க்கா, கிளம்பிட்டான்னான். அப்புறம்தான் தெரிஞ்சுது, தம்பி போன் போட்டிருக்கான், இவன் எடுக்கல. அப்புறமாப் போட்டுக்கலாம்னு நினைச்சவன் அந்தக் களேபரத்துல மறந்தே போயிட்டான். நான் பதறக்கூடாதேன்னு கிளம்பிட்டான்னு வாயில வந்ததைச் சொல்லியிருக்கான். மகராசன்!

எங்க வீட்டுக்காரர் போயிட்டாரு. வீட்டுக்குக் கொண்டு வந்தாச்சு. எடுக்கணும் எடுக்கணும்னு எல்லாரும் அவசரப்படுறாங்க. நான் விடவே இல்ல சார். தெருமுனை வரைக்கும் ஓடிப் பாக்குறேன், திரும்பி வர்றேன், மறுபடி ஓடுறேன். என் பிள்ளை வந்துக்கிட்டிருக்கான், அவன் மூஞ்சியைப் பாக்காம எடுக்க விடமாட்டேன்னு கத்துறேன். இருட்டப் போகுதுன்னு என்னைப் பிடிச்சு உள்ள தள்ளிட்டுத்தான் எடுத்தாங்க. இவனுக்கு யாரோ மூணாம் மனுஷன் சொல்லி மறுநாள் வந்து நிக்கிறான். வாசல்படி ஏறல. ஊருக்கே அறிவிக்கிறியே, எனக்கு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரலியான்னு கேட்டான். கேட்டுட்டுப் போனவன்தான்.

போன்ல என் குரல் கேட்டா கட் பண்ணிடுறான். வீடு தேடிப் போனா பின்வாசல் வழியாப் போயிடுறான். தம்பி போய்க் காலைப் பிடிக்காத குறையா உண்மையைச் சொன்னான், அக்காவைக் காப்பாத்த வந்துட்டியான்னு நம்பல. அவன் மேல தப்பில்ல சார். அப்பன் மூஞ்சியைக் கடைசியாப் பாக்க விடலேன்னா யாருக்குத்தான் ஆறும்? ஆனா நான் அவனுக்காகத் தெருவுல ஓடினேன்னு அவனுக்குத் தெரியாதே. அது தெரியாமலே இருந்துடுவானோன்னு நினைச்சு ராத்திரியில எழுந்து உக்காந்துடுறேன்.

அதைத்தான் அறிவிப்பு மாதிரி எழுதியிருக்கேன். ஏன்னா லீவு நாள்ல அவனை வேலைக்குக் கூட்டிட்டுப் போவேன், சின்ன வயசுல. நைசா கீழ இறங்கி கூட்டத்துல ஒளிஞ்சுக்குவான். நான் மைக்குல சொல்லணும் அவனுக்கு. நீலச் சட்டை அணிந்த சிறுவன் எங்கிருந்தாலும் வரவும், தாயார் அறிவிப்பு அறையில் காத்திருக்கிறார். மேனேஜர்கிட்ட எத்தனை திட்டு வாங்கியிருக்கேன் தெரியுமா! முதல் தடவை சொன்னா தூணுக்குப் பின்னாடி நின்னு சிரிச்சுக்கிட்டே இருப்பான். ரெண்டாவது தடவை சொன்னதும் மாடிப்படியில தடதடன்னு ஓடி வருவான்.

நீங்களே படிச்சுக் காட்டுறீங்களா? பெரிய மனசு உங்களுக்கு. ஆனா வேணாம் சார். நீங்க படிச்சா அவன் நல்லாத்தான் கேப்பான், நடை கொஞ்சம் இழுவையா இருக்குன்னு கருத்தும் சொல்லுவான். என் குரல்ல கேக்கணும் அவன்.

அடுத்த மாசமா? வரலாம் சார், தாராளமா வரலாம். உங்க மூணு கூட்டத்துக்கும் வந்து சும்மா உக்காந்து கேக்கலாம், காதுக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல. திங்கக்கிழமை ஆபரேஷன். குரல்வளையில கட்டி சார், குரல்வளையையே எடுத்துடுவாங்களாம். உசுருக்குப் பயமில்லேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பேச்சுதான் இருக்காது.

அட, நீங்க ஏன் சார் எழுந்துட்டீங்க? உக்காருங்க. நாற்காலியெல்லாம் போட்டாச்சு, எல்லாரும் வர்ற நேரம்தான். நான் அந்தப் பீரோவுக்குப் பின்னாடி நின்னுக்குறேன். அவன் உக்காந்ததும் கதவைச் சாத்திட்டு என்னைக் கூப்பிடுங்க. இன்னொண்ணு சார், நேரம் இல்லேன்னு அந்த ரெண்டாவது தடவையை மட்டும் வெட்டிடாதீங்க. முதல் தடவைக்கு அவன் வரமாட்டான்.