திக்காத மந்திரம்

கம்பத்திலிருந்து தேனி போகும் பேருந்து சின்னமனூரைத் தாண்டியபோது, முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

"மந்திரம் சொல்லும்போது மட்டும் எம்மகளுக்குத் திக்காதுக்கா."

"என்ன மந்திரம்?"

"கம்ப்யூட்டர் கேமுக்கா. சின்ன மந்திரவாதிக படிக்கிற பள்ளிக்கூடம். மைக்குல சத்தமாச் சொன்னாத்தான் மந்திரம் பலிக்கும். அதெல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனா பேரைக் கேட்டாத் திக்குவா. இப்ப தேனியில வேலைக்கு இன்டர்வியூ. என்னைய வரவேணாம்னுதான் சொன்னா, மனசு கேக்காம கெளம்பிட்டேன்."

"போன் போட்டுப் பாரேன்."

"பயமா இருக்குக்கா."

வீரபாண்டி வருவதற்குள் மகளே அழைத்தாள். அந்த அம்மா ஸ்பீக்கரைப் போட்டார்.

"என்னாத்தா சொன்னாக?"

"தி... திக்குச்சும்மா. மு... முடிக்கிற வரைக்கும் பொறுத்துக் கேட்டாக. நா... நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லிருக்காக."

அந்த அம்மா போனைப் பக்கத்துப் பெண்ணிடம் நீட்டினார். அவர் வாங்கி, "ஒங்கம்மா கேட்டுட்டாக தாயி" என்றார்.