கொல்லைக்கு வந்த செந்தொண்டையன்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள், டாக்டரம்மா. பல் டாக்டருக்கே சர்க்கரையைக் கொட்டிக் கொடுத்தான் என்று இன்னொரு குற்றமும் என் தலையில் விழ வேண்டாம். வழக்கமாக டீ போடுகிற என் மனைவி அவள் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். நம் பறவைக் குழுவின் தலைவி என்ற முறையில் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். நல்லது, கேட்டதற்கெல்லாம் சொல்கிறேன்.

குழுவில் எனக்கு ‘கிடையாது சார்’ என்று பெயர் வைத்திருப்பது தெரியும். வைத்தது நீங்கள்தான் என்பதும் தெரியும். குளிர்காலம் வந்தால் போதும், இந்தக் கடலோர நகரத்தில் ஆளாளுக்கு அபூர்வப் பறவை தெரிய ஆரம்பித்துவிடும். காக்காய்மேல் வெயில் பட்டால்கூடப் புது இனம் என்பார்கள். யாராவது ஒருவர் ‘கிடையாது’ என்று சொல்லித்தானே ஆக வேண்டும்? துறைமுகத்தில் பெட்டி பெட்டியாக வரும் சரக்கையும் நான் அப்படித்தான் சோதிக்கிறேன். வெளியே எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இல்லாவிட்டால் என் கை முத்திரையைத் தொடாது.

நான் ஆசைப்பட்டது ஒரே ஒரு பறவைக்கு. செந்தொண்டையன். வடக்கே பனிக்காட்டில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு எங்கெங்கோ போகிற பறவை. நம் கரைக்கு வழிதவறி வந்தால்தான் உண்டு. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு, மண் நிறம், தொண்டையில் மட்டும் அந்தச் சிவப்பு. அதற்காக நான் மிதிக்காத சேறு இல்லை, கொசுவுக்குக் கொடுக்காத ரத்தம் இல்லை. அந்த மகராசன் கடைசியில் எங்கே வந்தான் தெரியுமா? எங்கள் வீட்டுக் கொல்லையில், வாஷிங் மெஷின் தண்ணீர் போகிற ஈரத்தில், செடிக்கு அடியில்.

முதலில் பார்த்தது என் மனைவி. காக்காயையும் கோழியையும் தவிர அவளுக்கு வேறு பறவை தெரியாது.

“ஏங்க, தொண்டையில லிப்ஸ்டிக் போட்ட மாதிரி ஒண்ணு வந்திருக்கு, வந்து பாருங்களேன்!”

“கிடையாது,” என்றேன். முகத்தில் சோப்பு நுரையோடு நின்றிருந்தேன்.

அவள் என் ஃபோனில் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டாள். பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். வாசலில் கல்யாண வீடு மாதிரி செருப்புக் குவியல். சமையல்கட்டு ஜன்னலில் முறை வைத்துப் பார்த்தீர்கள். நீங்கள் பார்த்தீர்கள், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் பார்த்தார், மாடி வீட்டுக் கைக்குழந்தைகூடப் பார்த்தது. நான் மட்டும் பார்க்கவில்லை. நான் வேலைக்குப் போனால் அது வரும். லீவு போட்டு உட்கார்ந்தால் வராது. தும்மல் வருகிறதே என்று உள்ளே போனால், அந்த நேரம் பார்த்து வந்துவிட்டுப் போகும்.

“நீங்க கிடையாதுன்னு சொன்னது அது காதுல விழுந்திருக்கும். தம்பி ரொம்ப ரோஷக்காரன்,” என்றாள் மனைவி. கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறுகிறவள், தம்பிக்காக மண்ணைக் கிளறிப் புழு எடுத்துவைக்க ஆரம்பித்திருந்தாள். எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லவே இல்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். சாப்பாடுதான் சரியாக இறங்கவில்லை.

குளிர் விட ஆரம்பித்தது. காற்று திசை மாறினால் அது கிளம்பிவிடும். அடுத்த வருஷமும் வரும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? அது கொஞ்ச நேரம் ஓர் இடத்தில் நின்றால் போதும், எனக்கு வேறு பேராசை இல்லை. எலி பிடிக்கிற பசை அட்டை ஒன்று வாங்கினேன்.

“எலி பெருசா, சின்னதா சார்?” என்றார் கடைக்காரர்.

“சின்னதுதான்,” என்றேன். அளவைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. அவள் புழு வைக்கிற இடத்திலேயே அட்டையை வைத்து, மேலே மண் தூவினேன்.

நான் குழுவில் போட்ட படத்துக்கு எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். நீங்கள் மட்டும்தான் பெரிதாக்கிப் பார்த்து, “அதோட கால் எங்க சார்?” என்று கேட்டீர்கள். சொத்தை தேடிப் பழகிய கண், தப்புமா? கால் பசைக்குள் இருந்தது. வயிற்று இறகும்தான். படத்தில் அந்தப் பக்கத்தை வெட்டினேன்; இன்னும் கொஞ்சம் மேலே வெட்டியிருக்கலாம்.

சமையல் எண்ணெய் தடவினால் பசை விட்டுவிடும். தெரியாமலா? நம் குழுவின் சார்பில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். ஆனால் அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் யாரும் வந்து கலைத்துவிடக் கூடாதென்று கொல்லைக் கதவை வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டிருந்தேன். நீங்கள் எல்லோரும் முன்பு ஜன்னலிலிருந்து பைனாகுலரில் பார்த்தீர்கள். நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். அது ஒரே சிவப்பு இல்லை, டாக்டரம்மா. மூச்சை இழுக்கும்போது ஒரு சிவப்பு, விடும்போது ஒரு சிவப்பு. கடைசியில் மூச்சு வேகமாக வாங்கியபோது இரண்டும் மாறி மாறித் தெரிந்தது, அவ்வளவு அழகு. மனம் நிறையப் பார்த்து முடித்தபோது எண்ணெய்க்கு அவசியம் இருக்கவில்லை.

ஆமாம், கொன்றது நான்தான். குழுவிலிருந்து நீக்குங்கள், வனத்துறையிடம் சொல்லுங்கள், அது உங்கள் கடமை. ஆனால் உயிரோடு, சுதந்திரமாகத் திரிந்த பறவையைப் பார்த்தால்தான் கணக்கு என்று விதியைக் காட்டி, இந்தக் குளிர்காலப் பட்டியலில் என் பெயரைச் சேர்க்க மாட்டேன் என்கிறீர்களே, அதுதான் நியாயமில்லை. செடியிலிருந்து அட்டை வரைக்கும் அது சுதந்திரமாகத்தானே வந்தது? தத்தித் தத்தி, ஆடி அசைந்து வந்தது. சமையல்கட்டு ஜன்னலில் நின்று அதை என் கண்ணால் பார்த்தேன்.

சாட்சி இருக்கிறது. என் மனைவி பக்கத்திலேயே நின்றாள். அட்டையின் ஓரம் அவள் கண்ணில் பட்டுவிட்டது போல. “ஐயோ தம்பி, போயிடு!” என்று கையைத் தட்டப் போனாள். ஒரு கையால் அவள் வாயைப் பொத்தி, இன்னொரு கையால் அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். பறவை பார்க்கிற இடத்தில் சத்தம் கூடாது என்று நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள். அது அட்டையில் கால் வைக்கிற வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே, மூச்சுவிடாமல் பார்த்தோம்.

நம்பிக்கை இல்லையென்றால் என் உள்ளங்கையைப் பாருங்கள். மேல்வரிசை, கீழ்வரிசை, இரண்டும் நன்றாகப் பதிந்திருக்கிறது. யாருடைய பல் என்று, அவளுக்குப் பல் பார்க்கிற உங்களுக்குத் தெரியாதா? எங்கள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள், டாக்டரம்மா. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒன்றாக நின்று பார்த்த முதல் பறவை அது.